எஃகு வில்லை

சனிக்கிழமை. காக்கி புக்கிட், நான்காம் மாடி.
ஆறு இயந்திரங்களும் சுவரோரம்
நெம்புகோலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன,
பேருந்துக்குக் கை காட்டுகிறவர்களைப் போல.
செவ்வாய் தணிக்கை. அதனால் இன்று
ஒவ்வொன்றாக.

இன்று மண் இல்லை.
மண் இருக்கவேண்டிய வளையத்துக்குள்
எஃகு வில்லை ஒன்றை வைக்கிறேன்.
இருபது மில்லிமீட்டர் கனம், உள்ளங்கையில் சில்லென்று.
மேலும் கீழும் நுண்துளைக் கல்,
ஈர வடிதாள், மூடி, மூடியின் தலையில் குண்டு.
அளவியின் முள்ளைச் சுழியில் நிறுத்திவிட்டு
முதல் எடையைத் தொங்கவிடுகிறேன்.

இந்த எடைக்கெல்லாம் எஃகு அமுங்காது.
அமுங்குவது வேறு யாரோ.
சட்டம் கொஞ்சம், நெம்புகோல் கொஞ்சம்,
கல், தாள், திருகு மரையின் இடைவெளி.
முள் நகர்ந்தால் அது எங்கள் கணக்கு.
பிறகு வரும் களிமண்ணின் கணக்கிலிருந்து
அதைக் கழிக்கவேண்டும். இவ்வளவுதான் வேலை.

இருபத்தைந்து, ஐம்பது, நூறு, இருநூறு,
எடை இரட்டித்துக்கொண்டே போகிறது.
முதல் நான்கும் ஒழுங்கான பிள்ளைகள்.
ஐந்தாவது, எண்ணூறில்,
சுழி புள்ளி இரண்டு ஒன்று காட்டியது.
மற்றவை அதில் பாதிகூட இல்லை.

தாளை மாற்றி மறுபடி வைத்தேன்.
சுழி புள்ளி இரண்டு ஒன்று.
அடிக்கல்லைத் திருப்பினால்
முடியளவு விரிசல், அதற்குள் பழுப்பேறிய களிமண்.
நேற்று விழுந்த விரிசல் அல்ல.

பழைய அளவுத்திருத்தப் படிவத்தை எடுத்தேன்.
ஆறு இயந்திரம், ஆறு கட்டம்,
ஆறிலும் ஒரே எண்.
ஒன்றைச் சோதித்துவிட்டு
ஐந்துக்கும் பார்த்து எழுதிய எண்.
கீழே, யாழரசி.
ழகரத்தின் வாலை அப்படி இழுப்பது நான்தான்.
அன்று என்ன அவசரம்? நினைவில்லை.
மழையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இரண்டு வருடமாக
கால் நடுங்கும் இயந்திரத்தில் களிமண்ணை ஏற்றி
மண்தான் தொளதொளவென்று இருக்கிறது
என்று எழுதியிருக்கிறோம்.
கடலடியில் கிடந்த மண். சாம்பலும் பச்சையும்.
வெட்டும்போது சிப்பி வாடை வரும்,
சில நாள் சிப்பியே வரும்.
அதற்கு வாய் இல்லை.
நாங்கள் எழுதியதுதான் அதன் வாக்குமூலம்.

வெய் சியாங்குக்குப் போன் செய்தேன்.
பின்னால் நீச்சல் குளம், பிள்ளைகளின் இரைச்சல்.
மனக்கணக்கில் அவர் வேகம்.
"நாம் சொன்னதைவிடக் குறைவாகத்தானே அமுங்கும்?
பாதுகாப்பான பக்கம்தானே?" என்றார்.

பாதுகாப்பான பக்கம்.
அந்தப் பக்கத்தில் யாரோ
தேவைக்கு மேல் மணல் கொட்டி
தேவைக்கு மேல் மாதங்கள் காத்திருந்தார்கள்.
ஒரு கட்டடமும் சாயப்போவதில்லை.
ஒருவரும் கேட்கப்போவதில்லை.
நான் பேசவில்லை. அவரும்.
குளம் மட்டும் இரைந்தது.
பிறகு, "எத்தனை அறிக்கை?"
"பதினொன்று."
"கடிதம் போடவேண்டும். வரைவை நீயே எழுது."

நோர்ஹயாத்தி ஒட்டுநாடா கொண்டுவந்தாள்.
ஐந்தாவதன் நெற்றியில்
நான் ஆங்கிலத்தில் எழுதினேன், அவள் மலாயில்.
மிஞ்சிய மூலையில் தமிழில்
'தொடாதே' என்று எழுதினேன்.
"இது யாருக்கு? இங்கே உன் ஒருத்திக்குத்தானே
படிக்கத் தெரியும்?"
ஆமாம் என்றேன்.

எடைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன்.
முள் திரும்பி வந்தது. சுழிவரை இல்லை,
நான்கு மைக்ரான் தள்ளி.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
எழுதினேன், ஐந்தாவது வரிசையில் மட்டும்.
ஆறாவது இன்னும் பாக்கி.

கீழே லாரி ஒன்று
பீப் பீப்பென்று பின்னால் நகர்ந்தது.
முள் ஒருமுறை சிலிர்த்து
அங்கேயே நின்றது.